முப்புரிக் கயிறும் ஒரு வரைபடமும்

ஒற்றை நார் சிறு இழுப்பிற்கும் அறுந்துவிடும். மூன்று நார்களைச் சேர்த்து முறுக்கியவுடன் அது கயிறாகிறது. அத்தகைய கயிறுகள் பல சேர்ந்த வடம் தேரையே நகர்த்துகிறது. கயிறு திரிப்போர் பன்னூறு ஆண்டுகளாகக் கையறிவால் அறிந்திருந்த இந்த உண்மையை, உயிரினங்கள் அதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தம் உடலுக்குள் கையாண்டு வந்திருக்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண், தோலின் உறுதி, எலும்பின் உள்ளீடான நார்ப்பகுதி ஆகிய அனைத்தும் கொலாஜன் எனும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. பாலூட்டிகளின் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுவே. இந்தப் புரதம் ஒரு முப்புரிக் கயிறு என்பதை உலகிற்கு முதன்முதலில் எடுத்துரைத்தவர்கள் சென்னை கிண்டியில் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பணியாற்றிய இருவர். ஆண்டு 1954.

இந்தச் செய்தி தமிழ் மேடைகளில் அவ்வப்போது பெருமையுடன் கூறப்படுவதுண்டு. அதனுடன், 'வெள்ளையர் அதைப் பறித்துக்கொண்டனர்' என்ற குறையும் சேர்த்தே கூறப்படும். பெருமைக்கு இடமுண்டு; குறையோ முழு உண்மையன்று. நடந்ததை வரிசைப்படி அறிந்தால், பறிகொடுத்த கதையைக் காட்டிலும் உயர்ந்த ஒன்று அங்கே நடந்திருப்பது விளங்கும்.

புரதம் என்பது என்ன என்று முதலில் சிறிது தெளிவது நன்று. இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நெடுஞ்சரமே புரதம். இதனை எழுத்துகள் சேர்ந்து சொல் ஆவதோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். எழுத்துகள் வரிசையாக நின்ற அளவிலேயே சொல்லுக்குப் பொருள் பிறந்துவிடும். புரதச் சரமோ வரிசையாக நின்றால் மட்டும் போதாது. அது மடிந்தும் சுருண்டும் தனக்குரிய வடிவத்தை அடைந்தாக வேண்டும். அந்த வடிவமே அதன் தொழிலைத் தீர்மானிக்கிறது. உணவைச் செரிக்கச் செய்யும் புரதம் ஒரு வடிவம். குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் புரதம் வேறொரு வடிவம். ஆகவே, இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், புரதத்தின் வடிவத்தைக் கண்டறிவதே உயிரியலின் தலையாய வினாவாக இருந்தது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங்கும் அவருடைய தோழர்களும் ஆல்பாச் சுருள் எனும் வடிவத்தைக் கண்டு கூறினர். மயிர், நகம் போன்றவற்றின் புரதம் அதனால் விளங்கிற்று. அதே ஆண்டில் பாலிங் கொலாஜனுக்கும் ஒரு வடிவம் கூறினார். ஆனால் அது பிழையாயிற்று. அத்துறையின் தலைமகனே தவறிய இடம் அது.

கோபாலசமுத்திரம் நாராயண அய்யர் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகனுக்குக் கணிதத்தில் இருந்த பற்றுக்கு வித்திட்டவர் அவரே. திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்த அவரை, சர். சி. வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கு மாற்றிக்கொண்டார். பின்னர் இரண்டாண்டுகள் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து 1949இல் நாடு திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியபோது, அப்பதவிக்கு அழைக்கப்பட்ட இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரின் பெயரைக் கூறினார். முப்பது வயதளவில் ஒருவர் துறைத் தலைவரானது இப்படித்தான்.

துறை புதியது, கருவிகள் குறைவு. எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராயும் ஒரு கூடத்தை அவர் அங்கே அமைத்தார். ஆனால், எதை ஆராய்வது? அந்த ஆண்டிலேயே சென்னைக்கு வருகை தந்த பிரித்தானிய அறிஞர் ஜே. டி. பெர்னால் பேச்சுவாக்கில், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரிவரக் காணப்படவில்லை என்றும், வெளிவந்திருக்கும் வடிவங்கள் எவையும் நிறைவளிக்கவில்லை என்றும் கூறினார். இராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். பொருளுக்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே, அடையாற்றில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றால் கொலாஜன்; தோல் பதனிடுவோருக்கு அன்றாடப் பொருள் அது. அங்கிருந்து கங்காருவின் வால் நாணிலிருந்து எடுக்கப்பட்ட கொலாஜன் கிடைத்தது. தமிழகத்துத் தோல் தொழிலுக்கென எழுந்த நிலையமும், ஆத்திரேலியக் காட்டு விலங்கின் வாலும் சேர்ந்து உயிரியலின் ஒரு பெரும் புதிருக்கு வாயில் திறந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

நாரின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், அது சிதறிப் படத்தாளில் புள்ளிகளாகவும் வில்வடிவக் கறைகளாகவும் விழும். அந்தக் கறைகளிலிருந்து அணுக்கள் நிற்கும் ஒழுங்கை உய்த்துணர வேண்டும். நிழலைக் கண்டு ஆளை வரைவது போன்ற வேலை இது. ஒரே நிழலை வெவ்வேறு ஆட்கள் தரக்கூடுமாதலால் வேறு சான்றும் தேவைப்பட்டது. அச்சான்று வேதியியலிலிருந்து வந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் சரியாக மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்கள் அனைத்திலும் மிகச் சிறியது கிளைசின்; பிறவற்றுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு கிளை உண்டு, கிளைசினுக்கோ கிளை இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றை ஹைட்ரஜன் அணுவே உண்டு. இந்த மூன்றிலொரு பங்கு தற்செயலாக இருக்க முடியாது என்று இராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும் கருதினர். சரத்தில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் நிற்கவேண்டும். அவ்வாறு நிற்பின், சரம் சுருளும்போது கிளைசின்கள் எல்லாம் ஒரே பக்கமாக அணிவகுக்கும். மூன்று சரங்கள் தத்தம் கிளைசின் பக்கத்தை உள்நோக்கி வைத்துக்கொண்டு நெருங்கி நின்றால், நடுவில் கிளைசினைத் தவிர வேறொன்றுக்கும் இடமிராது. முப்புரிக் கயிற்றின் கருத்து இவ்வாறு பிறந்தது. 1954 ஆகஸ்டில் இலண்டன் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது.

அதில் ஒரு குறை இருந்தது. அந்த முதல் வடிவில் ஒவ்வொரு சரமும் ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு நேராக நின்றது. படத்தாளோ, மூன்று சுற்றுக்குப் பத்து என்றது. அதாவது சுற்றுக்கு மூன்றேகால் அளவைக் காட்டிலும் சற்றே மிகுதி. அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் கிளைசின் சிறிது சிறிதாக நடுவிலிருந்து விலகிப் போய்விடுமே! இந்தச் சிக்கலுக்கு விடை நிலவின் இயக்கத்தை எண்ணியபோது தோன்றியதாகக் கூறப்படுகிறது. நிலவு புவியைச் சுற்றி வருகிறது. அதே வேளையில் தன்னைத்தானும் ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. அதனால்தான் அதன் ஒரே முகம் எப்போதும் புவியை நோக்கியிருக்கிறது. அதுபோலவே, ஒவ்வொரு சரமும் தனக்குள் சுருள்வதோடு நடு அச்சையும் மெல்லச் சுற்றி வருமானால், கிளைசின் என்றும் உள்முகமாகவே இருக்கும். தனிச்சரம் இடப்புறமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு பிரியாமலிருக்கத் தனிப்புரியை ஒரு திசையிலும் புரிகளைச் சேர்த்து மறுதிசையிலும் முறுக்குவது கயிறு திரிப்போர் வழக்கம் அல்லவா? திருத்திய இந்த வடிவம் 1955 செப்டம்பரில் அதே இதழில் வெளிவந்தது.

இரண்டு திங்களுக்குள், நவம்பரில், கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் எழுதிய கட்டுரை 'நேச்சரில்' வந்தது. மரபணுவின் இரட்டைச் சுருளை இரண்டாண்டுகளுக்கு முன் கண்டு புகழ்பெற்ற அதே கிரிக். மூன்று சரங்கள், நடுவில் கிளைசின், முறுக்கின்மேல் முறுக்கு என்னும் பொதுவடிவம் அதிலும் இருந்தது. ஆனால், சென்னை வடிவில் சில அணுக்கள் ஒன்றையொன்று ஏற்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று அவர்கள் குறை கூறினர். சரங்களைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்றது சென்னை. ஒன்றுதான் இருக்க முடியும் என்றது கேம்பிரிட்ஜ்.

பின்வந்த நூல்கள் பலவற்றில் கொலாஜன் வடிவம் ரிச், கிரிக் இருவர் பெயராலேயே குறிக்கப்பட்டது உண்மை. சென்னையில் முதலில் எழுந்த கருத்துக்கு உரிய இடம் அங்கே தரப்படவில்லை என்ற வருத்தம் நியாயமானதே. பொதுவடிவைக் கண்டவருக்கே முதன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், குறை கூறியவர்கள் பொறாமையால் கூறினார்கள் என்பதற்கு இடமில்லை. அவர்கள் எழுப்பிய வினா அறிவியல் வினா. அதற்கு விடை அறிவியலால்தான் தரப்படவேண்டும். இராமச்சந்திரன் அதை அறிந்திருந்தார்.

அணுக்கள் 'மிக நெருங்கி நிற்கின்றன' என்கிறார்களே, எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் வரையறுத்தார்கள்? இதுவே அவர் எழுப்பிய எதிர்வினா. எளிய வினாதான்; ஆனால் அதுவரை எவரும் முழுமையாக விடை தேடியிருக்கவில்லை. அமினோ அமிலங்களுக்கும் சிறு பெப்டைடுகளுக்கும் அதுவரை காணப்பட்டிருந்த படிக அமைப்புகளை எல்லாம் சென்னைக் குழுவினர் திரட்டினர். ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு அணுக்கள் இயற்கையில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று ஒவ்வொன்றாக அளந்தனர். கார்பன் அணுவும் கார்பன் அணுவும் வழக்கமாக 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ் நெருங்குவதில்லை. மிக அரிதாக 3.0 வரை வரலாம். ஹைட்ரஜன் அணுக்களுக்கு அந்த எல்லை 2.0, மிக அரிதாக 1.9. இவ்வாறு ஒவ்வோர் அணு இணைக்கும் இயல்பான எல்லை ஒன்றும், இறுதி எல்லை ஒன்றும் வகுக்கப்பட்டன. எதிராளி காட்டிய குறையை மறுக்கப் புறப்பட்டவர் கைக்கு இப்போது ஓர் அளவுகோல் வந்துவிட்டது. அந்த அளவுகோல் கொலாஜனுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கண்டுகொண்டதில்தான் அவருடைய பேரறிவு வெளிப்படுகிறது.

புரதச் சரத்தை, முனைகளில் கோக்கப்பட்ட விறைப்பான சிறு தகடுகளின் வரிசையாகக் கருதலாம். தகடு வளையாது. இரு தகடுகள் சந்திக்கும் மூலையில் மட்டும் சரம் திரும்பலாம். அதுவும் இரண்டே வகையில். ஒரு திருப்பத்தின் கோணத்திற்கு ஃபை என்றும், மற்றதன் கோணத்திற்கு சை என்றும் பெயர். ஒவ்வொரு மூலைக்கும் இந்த இரு கோணங்களைச் சொல்லிவிட்டால், முதுகெலும்பு போன்ற அந்தச் சரத்தின் முழு வடிவத்தையும் சொல்லிவிடலாம். இராமச்சந்திரனும், அவருடைய மாணவர்களான வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோரும் ஒரு கோணத்தைக் கிடைக்கோட்டிலும் மற்றதைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து ஒரு கட்டம் வரைந்தனர். கட்டத்தின் ஒவ்வோர் இடத்திலும் அணுக்கள் எங்கெங்கு நிற்கும், எவை எவற்றோடு மோதும் என்று கணக்கிட்டனர். கணிப்பொறி அன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் கணக்கிடு கருவியைக் கொண்டே நாட்கணக்கில், திங்கள் கணக்கில் இந்த வேலை நடந்தது. இன்றைய மாணவன் ஒரு நொடியில் செய்துவிடும் கணக்கு அது. ஆனால் எதைக் கணக்கிடவேண்டும் என்று தெரிந்தபிறகே அந்த நொடி பயன்படும்.

விளைவு வியப்பளித்தது. கட்டத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ முக்கால் பங்கு, அணுக்கள் மோதிக்கொள்வதால் புரதத்திற்கு விலக்கப்பட்ட இடமாயிற்று. எஞ்சியவை சில தீவுகள். பாலிங் கண்ட ஆல்பாச் சுருள் ஒரு தீவில் அமர்ந்தது. சரம் நீண்டு கிடக்கும் வடிவங்களும் கொலாஜனும் இன்னொரு தீவில் அமர்ந்தன. கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் மோதல் குறைவாதலால் பிறவற்றுக்கு விலக்கப்பட்ட இடங்களும் திறந்திருந்தன. 1963இல் மூவரும் இதனை 'மூலக்கூற்று உயிரியல் இதழில்' ஐந்து பக்கக் கட்டுரையாக வெளியிட்டனர். இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் 'இராமச்சந்திரன் வரைபடம்' என இடம்பெறுவது இதுவே.

அப்போது உலகில் அணு அளவில் அமைப்பு அறியப்பட்டிருந்த புரதம் ஏறக்குறைய ஒன்றே. கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ கண்ட மயோகுளோபின். 1965இல் டேவிட் பிலிப்சும் தோழர்களும் இலண்டனில் லைசோசைம் எனும் நொதியின் அமைப்பைக் கண்டனர். புதிய புரதங்களின் கோணங்களை எடுத்துச் சென்னைக் கட்டத்தில் குறித்துப் பார்த்தபோது, புள்ளிகள் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட தீவுகளிலேயே விழுந்தன. வெளியே விழுந்தவற்றில் பல கிளைசின்கள். புரதத்தைக் கண்ணால் காணாமல், அணுக்களின் பருமனை மட்டும் கொண்டு வரையப்பட்ட எல்லை அது. இயற்கை அதைத் தாண்டவில்லை.

உயிரினங்களின் படிமலர்ச்சியை ஆராய்வோருக்கும் இந்த எல்லை பொருளுடையது. மயோகுளோபினையும் குருதியிலுள்ள ஹீமோகுளோபினையும் எடுத்துக்கொண்டால், அமினோ அமில வரிசையில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. மடிப்பிலோ உடன்பிறப்புகள் என்று பார்த்தவுடன் கூறலாம். எழுத்துகள் காலப்போக்கில் ஒவ்வொன்றாக மாறுகின்றன. மடிப்பைக் குலைக்கும் மாற்றத்தை ஏற்ற உயிர் பிழைப்பதில்லை. குலைக்காத மாற்றங்கள் தங்கிவிடுகின்றன. கொலாஜனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கடலடியில் அசையாது வாழும் பஞ்சுயிரிகளிடம் கொலாஜன் உண்டு, மனிதரிடமும் உண்டு. இடைப்பட்ட காலத்தில் பிற இடங்களில் எத்தனையோ மாறியிருக்க, மூன்றாம் இடத்துக் கிளைசின் மட்டும் மாறவில்லை. மாறினால் என்ன ஆகும் என்பதை மருத்துவர்கள் அறிவர். ஆயிரம் அமினோ அமிலங்களுக்கு மேல் நீளும் சரத்தில் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதிலாகப் பெரியது ஒன்று வந்து நின்றாலும் முப்புரியின் உட்புறத்தில் அதற்கு இடமில்லை. கயிறு அவ்விடத்தில் பிசகுகிறது. பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோயுடைய குழந்தைகள் பலரிடம் காணப்படும் குறை இதுதான்.

மாறக்கூடிய இடங்களில் உயிரினங்கள் தத்தம் வாழ்விடத்திற்கேற்ப மாறியும் இருக்கின்றன. கொலாஜனில் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் எனும் இரண்டும் மிகுந்திருந்தால் கயிறு வெப்பத்தைத் தாங்கும். வெப்பக் குருதி விலங்குகளின் கொலாஜனில் அவை மிகுதி; குளிர்கடல் மீன்களின் கொலாஜனில் குறைவு. குளிர்கடல் மீனின் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், மாட்டுத் தோலிலிருந்து எடுப்பதைப் போல் எளிதில் உறையாததற்குக் காரணம் அதுவே. ஹைட்ராக்சிபுரோலினை உடல் உண்டாக்க வைட்டமின் சி வேண்டும். பண்டைக் கப்பலோட்டிகள் காயும் கனியுமின்றித் திங்கள் பல கடலில் கழித்தபோது ஈறு அழுகி, பழம்புண்கள் மீண்டும் வாய்திறந்து மாண்டார்களே, அந்த நோயும் முறுக்குத் தளர்ந்த முப்புரியின் விளைவேயாகும்.

கொலாஜன் வழக்கின் தீர்ப்பு நெடுங்காலம் கழித்தே வந்தது. 1994இல் அமெரிக்காவில் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி ஆகியோரின் குழு கொலாஜனைப் போன்று செய்யப்பட்ட ஒரு சிறு பெப்டைடைப் படிகமாக்கி அணு அளவில் படம்பிடித்தது. மூன்று சரங்கள், நடுவில் கிளைசின், முறுக்கின்மேல் முறுக்கு எனச் சென்னை கூறியது அனைத்தும் அங்கே இருந்தன. சரங்களுக்கிடையே நேர்முகமான ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றே. அந்த ஒரு நுணுக்கத்தில் கேம்பிரிட்ஜ் கூறியது சரியாயிற்று. சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நின்று சரங்களைப் பாலமிட்டு இணைத்திருந்ததும் தெரிந்தது. நீரின் வழியாகப் பிணைப்பு அமையலாம் என்பதை 1968லேயே இராமச்சந்திரன் தம் மாணவருடன் எழுதியிருந்தார். இருதரப்பிலும் உண்மை இருந்தது. ஆனால், 1955இல் எழுந்த குறைகூறல் இல்லாதிருந்தால் 1963இன் வரைபடம் பிறந்திருக்குமா என்பது ஐயமே. கொலாஜன் ஒரு புரதம். வரைபடமோ எல்லாப் புரதங்களுக்கும் உரியது.

இராமச்சந்திரன் 1970 அளவில் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து பொருளின் உள்ளமைப்பை மீட்டெடுக்கும் கணக்குமுறை ஒன்றை வெளியிட்டார். மருத்துவமனைகளின் உடற்குறுக்குவெட்டுப் படக்கருவிகளில் அத்தகைய முறை பின்னர்ப் பெரும்பயன் தந்தது. 1977இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1999இல் படிகவியலுக்கான ஏவால்ட் பரிசைப் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் அளித்தது. நோபல் பரிசு அவரை வந்தடையவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.

உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்துள்ளன. புதிதாக ஓர் அமைப்பைக் கண்டவர், அதைப் பதிவு செய்யுமுன் கிண்டியில் பிறந்த கட்டத்தில் அதன் புள்ளிகளைக் குறித்துப் பார்க்கிறார். கணிப்பொறி தானாகவே ஊகித்துத் தரும் வடிவங்களுக்கும் அதே சோதனை உண்டு. விலக்கப்பட்ட இடத்தில் புள்ளிகள் பல விழுந்தால், பிழை இயற்கையினுடையதன்று, ஆய்வாளருடையது என்று கருதி மறுபடியும் வேலையைத் தொடங்குகிறார். அத்தகைய படங்களில் கிளைசினை மட்டும் பிறவற்றோடு சேர்க்காமல் சிறு முக்கோணமாகத் தனித்துக் காட்டுவதும் வழக்கம்.